குமிழி விடாத செடி

புதன்கிழமை காலை முழுக்க வெந்நீரக்கா ஒரு செடியை முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். செடியும் விட்டுக்கொடுக்கவில்லை. சும்மாவே இருந்தது.

அது ஹைட்ரில்லா. தண்ணீருக்குள்ளேயே முளைத்துத் தண்ணீருக்குள்ளேயே வளரும் செடி. விரல் நீளத்துக்கு நறுக்கி, வெட்டிய முனை மேலே இருக்கும்படி பீக்கர் தண்ணீரில் அமிழ்த்தி, பக்கத்தில் மேசை விளக்கைப் போட்டால், இலைகள் வெளிச்சத்தைப் பிடித்து உணவு தயாரிக்கத் தொடங்கும். அந்தச் சமையலில் மிஞ்சும் ஆக்சிஜன், வெட்டிய முனையிலிருந்து சின்னச் சின்னக் குமிழிகளாக, மணி கோத்த மாதிரி மேலே ஏறும். விளக்கைக் கிட்டே நகர்த்தினால் குமிழிகள் அவசரப்படும்; தள்ளி வைத்தால் ஆற அமர வரும். வெள்ளிக்கிழமை ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் முப்பத்தாறு பேரும் அவற்றை எண்ணி அட்டவணை போட வேண்டும்.

எண்ணுவதற்குத்தான் ஒரு குமிழிகூட இல்லை.

"அக்கா, வந்துச்சா?" உயிரியல் டீச்சர் கதவிடுக்கில் தலையை நீட்டினார். கக்கத்தில் திருத்தாத விடைத்தாள் கட்டு.

"ஒண்ணு வந்துச்சு டீச்சர். ஆனா அது நான் பீக்கரைத் தட்டினப்ப வந்தது. இலையில ஒட்டியிருந்த காத்து."

"அதை எண்ணிராதீங்க. போன வருஷம் இதே செடி, இதே விளக்கு. சும்மா பொரிஞ்சு தள்ளிச்சு. இத்தனைக்கும் அப்ப இருந்த மனுஷன் பீக்கரைக்கூடக் கழுவ மாட்டார்."

பீக்கரைக் கழுவாத அந்த மனிதரின் ஆய்வக உதவியாளர் நாற்காலியில்தான் இப்போது வெந்நீரக்கா இருந்தாள். அவர் காலத்தில் ஆய்வகத்துக்குள் நுழைபவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு நுழைவார்களாம். சோதனைக்குழாய்களில் பூஞ்சை, அலமாரியில் எப்போதோ செத்த பல்லி. தலைமையாசிரியை அவரை அனுப்பிவிட்டு இவளை எடுத்தபோது, வாசலில் நின்றபடியே இரண்டு நிபந்தனை சொன்னார்: "இந்த ரூம் பளிச்சுன்னு இருக்கணும். பிள்ளைங்களுக்குச் செஞ்சு காட்ட வேண்டியதைச் செஞ்சு காட்டணும். மூணு மாசம் பார்ப்பேன். ரெண்டும் நடந்தா வேலை உங்களுக்கு."

அந்த மூன்று மாதம் இந்த வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. அன்றைக்குத் தலைமையாசிரியையே வந்து உட்கார்ந்து பார்க்கப்போகிறார்.

பளிச்சென்று வைப்பதில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. முன்னால் பதினோரு வருடம் ஓர் ஆஸ்பத்திரியில், அறுவை சிகிச்சைக் கருவிகளைக் கிருமி நீக்கும் அறையில் வேலை செய்தவள். பாதி நாள் இராத்திரி ஷிப்ட். மகளை முழித்த கண்ணோடு பார்ப்பதே அபூர்வம். பகல் வேலை என்பதால்தான் இங்கே வந்தாள். வந்த பிறகு வேறொரு காரணமும் சேர்ந்துகொண்டது. ஆஸ்பத்திரியில் தான் கழுவிக் கொடுத்த கத்தரி உள்ளே என்ன செய்கிறது என்று அவள் ஒருநாளும் பார்த்ததில்லை. இங்கே கழுவிக் கொடுத்த கண்ணாடித் துண்டின் மேலேயே வெங்காயத் தோலை வைத்து, "அக்கா, நீங்களும் பாருங்க, செங்கல் அடுக்கின மாதிரி இருக்கு" என்று பிள்ளைகள் கூப்பிட்டுக் காட்டுகிறார்கள். அதை விட்டுவிட அவளுக்கு மனமில்லை.

பழக்கமும் கூடவே வந்திருந்தது. பீக்கர், பிப்பெட், இடுக்கி, கண்ணாடித் துண்டு, சோதனைக்குத் தேவையான தண்ணீர், எல்லாவற்றையும் கொதிக்க வைத்துவிடுவாள். கொதித்த தண்ணீரை மூடி போட்டு ஆறவைத்து, மூடி போட்டபடியே அலமாரியில் அடுக்குவாள். வந்த இரண்டாம் வாரமே பிள்ளைகள் 'வெந்நீரக்கா' என்று பெயர் வைத்துவிட்டார்கள். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

மத்தியானம் இயற்பியல் சார் டம்ளரில் டீயோடு வந்து, பீக்கரை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார்.

"பாவம், வெந்துபோச்சோ என்னமோ."

"தண்ணி நேத்தே ஆறிடுச்சு சார். தொட்டுப் பாருங்க, ஜில்லுன்னு இருக்கும்."

"நான் தொட மாட்டேன்மா. தொட்டா என் விரலையும் கொதிக்க வெச்சிருவீங்க. என் காந்தத்தையே வேக வெச்ச ஆளு நீங்க."

"துரு பிடிச்சிருந்துச்சு சார்."

"துரு போச்சு. கூடவே அதோட வீரமும் போச்சு. இப்ப குண்டூசியைக்கூட இழுக்க யோசிக்குது." அவர் சிரித்துக்கொண்டே போனார். அவள் சிரிக்கவில்லை. மனசெல்லாம் பீக்கரில் இருந்தது.

சாயங்காலம் டீச்சர் மறுபடியும் வந்தார். "நாளைக்குப் பாருங்கக்கா. வரலேன்னா போர்டுல படம் போட்டுப் பாடத்தை நடத்திடறேன். மேடம்கிட்ட நான் சொல்லிக்கிறேன்."

படம் போட்டு நடத்தினால் பிள்ளைகளுக்குப் பாடம் முடிந்துவிடும். அவளுக்கு வேலையும் முடிந்துவிடும். டீச்சர் நல்லவர், அதை வாய்விட்டுச் சொல்லவில்லை.

"படம் வேண்டாம் டீச்சர். குமிழி வரும்" என்றாள். எப்படி வரும் என்று அவளுக்குத் தெரியாது. ஆனால் வராமல் இருப்பதற்கு ஒரு காரணம் இருக்க வேண்டும், காரணம் என்று ஒன்று இருந்தால் அதைப் பிடித்துவிடலாம். அந்த நம்பிக்கையும் ஆஸ்பத்திரியில் கிடைத்ததுதான். கிருமி நீக்கும் எந்திரம் மக்கர் செய்தால் அங்கே ஒரு முறை உண்டு: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று, மற்றதைத் தொடாதே. நான்கு பாகத்தைச் சேர்த்து மாற்றினால் எந்திரம் ஓடிவிடும், ஆனால் நான்கில் எது குற்றவாளி என்று சாகும்வரை தெரியாது.

வியாழக்கிழமை முதல் மணி அடிப்பதற்குள் அவள் வேலையைத் தொடங்கிவிட்டாள்.

முதலில் வெளிச்சம். விளக்கை இரண்டு சாணிலிருந்து ஒரு சாணுக்குக் கொண்டுவந்தாள். ஒன்றுமில்லை. பீக்கரை ஜன்னல் வெயிலில் வைத்தாள். வெயில் செடியைத் தகதகவென்று காட்டியது, அவ்வளவுதான். சரி, வெளிச்சத்தின் மேல் குற்றமில்லை.

அடுத்தது செடி. கட்டடத்துக்குப் பின்னால் ஒரு சிமெண்ட் தொட்டி இருந்தது. ஹைட்ரில்லாவைப் பறித்துவருவது அங்கிருந்துதான். பாசி, நத்தை, தலைப்பிரட்டை என்று ஊரே குடியிருக்கும் தொட்டி. புதுக் கொத்து பறிக்கக் குனிந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். தொட்டிக்குள் ஒவ்வொரு முறிந்த தண்டிலிருந்தும் குமிழி, சரம் சரமாக ஏறிக்கொண்டிருந்தது.

"அடப்பாவி, இங்க மட்டும் கும்மாளமா?" என்று செடியைப் பார்த்துக் கேட்டாள்.

குமிழி விட்டுக்கொண்டிருந்த தண்டையே கிள்ளிக்கொண்டு ஓடினாள். பீக்கரில் விட்டாள். கொஞ்ச நேரம் நாலைந்து குமிழி தயங்கித் தயங்கி வந்தது. பிறகு நின்றுவிட்டது. முதல் நாள் முழுக்க அவளை முறைத்த பழைய தண்டைக் கொண்டுபோய்த் தொட்டியில் போட்டாள். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. அது எதுவுமே நடக்காத மாதிரி குமிழி விட்டது.

ஆக, செடியும் நிரபராதி.

மிச்சம் இரண்டு: பாத்திரம், தண்ணீர். அதே பீக்கரில் தொட்டித் தண்ணீரை மொண்டு, அதே தண்டைப் போட்டு, அதே விளக்கின் கீழே வைத்தாள். குமிழி வந்தது. ஒரு நிமிடத்துக்குப் பதினெட்டு. அவள் இரண்டு தடவை எண்ணினாள்.

சந்தோஷப்பட வேண்டிய இடத்தில் அவளுக்கு முகம் சுண்டிவிட்டது. குற்றவாளி தண்ணீர். அதுவும் அவள் கையால் கொதிக்க வைத்து, மூடி போட்டு, தூசி படாமல் காத்த தண்ணீர்.

"இதைவிடச் சுத்தமான தண்ணி இந்த ஊருலயே கிடையாதே" என்று வாய்விட்டே சொன்னாள்.

தொட்டித் தண்ணீரைப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடலாம். குமிழி வரும். கூடவே தலைப்பிரட்டையும் வரும், நாற்றமும் வரும். முதல் நிபந்தனை அதோடு காலி. தவிர, அந்த அழுக்குத் தண்ணீரில் இருக்கிற எது தன் சுத்தமான தண்ணீரில் இல்லை? மண்ணாக இருக்குமோ? ஒரு சிட்டிகைத் தோட்ட மண்ணை எடுத்து, பழக்க தோஷத்தில் அதையும் கொதிக்க வைத்து, ஆறவிட்டு, பீக்கரில் போட்டுப் பார்த்தாள். தண்ணீர் கலங்கியதே தவிர, குமிழி வரவில்லை.

சுவரில் ஒரு பெரிய படம் தொங்கியது. மூன்று மாதமாகத் தினமும் தூசி தட்டுகிற படம். ஒரு பச்சை இலை. அதற்குள் போகும் மூன்று அம்புக்குறிகள். வெளியே வரும் ஒன்று. உள்ளே போவது வெளிச்சம், தண்ணீர், கார்பன் டை ஆக்சைடு. வெளியே வருவது ஆக்சிஜன். வெளிச்சம் இருக்கிறது. தண்ணீர் வேண்டிய மட்டும் இருக்கிறது. கார்பன் டை ஆக்சைடு காற்றில் இருப்பது, காற்று எங்கேயும் இருப்பது. அதில் என்ன குறை வந்துவிடப்போகிறது என்று அவள் கண்ணை எடுத்துவிட்டாள்.

அவள் கணவர் பள்ளி வேன் ஓட்டுகிறவர். சாயங்காலம் கடைசிப் பிள்ளையையும் இறக்கிவிட்டு, அவளைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். முன்கண்ணாடிக்குக் கீழே, நாள் முழுக்க வெயில் அடித்த இடத்தில், பாதி குடித்த பன்னீர் சோடா பாட்டில் ஒன்று உருண்டுகொண்டிருந்தது. சிவப்பு விளக்கில் வண்டி நின்றதும் அதை எடுத்து ஒரு வாய் குடித்தவர், முகத்தைச் சுளித்தார்.

"சே! சப்புன்னு போச்சு."

"மூடி போட்டுத்தானே வெச்சிருந்தீங்க?"

"ஏம்மா, ஆறு தடவ திறந்திருப்பேன். வெயில்ல சூடு ஏறினா கேஸ் உள்ள நிக்குமா? திறக்கத் திறக்கப் புஸ்ஸு புஸ்ஸுன்னு ஓடிடும். ஐஸ்ல வெச்சா அடங்கி ஒடுங்கி உட்கார்ந்திருக்கும். ஆய்வகத்துல வேலை பார்க்கறே, இதுகூடத் தெரியாதா?"

அவள் பாட்டிலை வாங்கித் திருப்பினாள். ஒட்டியிருந்த தாளில் பொடி எழுத்தில் இருந்தது: தண்ணீர், சர்க்கரை, கார்பன் டை ஆக்சைடு.

"ஏங்க, கொஞ்சம் வேகமாப் போங்க."

"எதுக்கு?"

"வீட்டுல தண்ணி காய வைக்கணும்."

"இங்கயுமா!" என்றார் கணவர். ஆனால் வேகமாகத்தான் போனார்.

வீட்டில் அடுப்பை மெதுவாக எரியவிட்டு, ஒரு பாத்திரத்தில் குழாய்த் தண்ணீரை வைத்து, இடுப்பில் கை வைத்துக்கொண்டு அதையே பார்த்தாள். எத்தனை ஆயிரம் தடவை தண்ணீர் காய வைத்திருப்பாள்! ஒரு தடவைகூடக் கொதிப்பதற்கு முன்னால் நடப்பதைக் கவனித்ததில்லை. கொஞ்ச நேரத்தில் பாத்திரத்தின் அடியிலும் ஓரத்திலும் கடுகு கடுகாகக் குமிழிகள் ஒட்டின. விரலை விட்டுப் பார்த்தாள். கை பொறுக்கிற சூடுதான். கொதிப்பதற்கு இன்னும் எவ்வளவோ நேரம் இருக்கிறது. அப்படியானால் இது ஆவி இல்லை. தண்ணீருக்குள் ஏற்கெனவே கரைந்திருந்த ஏதோ ஒன்று, சூடு தாங்காமல் வெளியே ஓடுகிறது. சோடாவிலிருந்து ஓடியதைப் போலவே.

காற்று. தண்ணீருக்குள் காற்று கரைந்திருக்கிறது. நத்தையும் தலைப்பிரட்டையும் அதில்தான் மூச்சு விடுகின்றன. மூச்சு விட்டு இன்னும் கொஞ்சம் கார்பன் டை ஆக்சைடைச் சேர்த்துக் கொடுக்கின்றன. தண்ணீருக்குள் இருக்கிற செடிக்கு வெளிக்காற்று எட்டாது. கரைந்திருப்பதைத்தான் அது எடுத்தாக வேண்டும். அவள் அதை முழுக்கக் கொதிக்க வைத்துத் துரத்திவிட்டு, திரும்பி வந்து கரையாதபடி மூடியும் போட்டு, செடியைப் பட்டினி போட்டிருக்கிறாள். அடுப்பு எரிகிறது, உலையும் இருக்கிறது, போடுவதற்கு அரிசிதான் இல்லை!

"நான்தான்" என்றாள் மெதுவாக. "ரெண்டு நாளா அதோட வாயைக் கட்டினது நான்தான்."

கணவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, ரொம்ப யோசித்த மாதிரி சொன்னார்: "காலையில போய்க் கமுக்கமா தண்ணிய மாத்திடு. குமிழி வந்துடும். உன்னால நின்னுச்சுன்னு யாருக்குத் தெரியப்போகுது? வேலை விஷயம், பார்த்துக்கோ."

அவளுக்கும் அது ஒரு நொடி தோன்றத்தான் செய்தது. "ஆஸ்பத்திரியில தப்பை மறைச்சா அடுத்த ஷிப்ட்ல வர்றவ அதையே செய்வா" என்றாள். "சொல்லித்தான் ஆகணும். ஆனா சொல்றதுக்கு முன்னால எனக்கு உறுதியாத் தெரியணும்."

வெள்ளிக்கிழமை காலை ஏழரைக்கே ஆய்வகத்தைத் திறந்தாள். மூன்று பீக்கர். ஒரே கொத்திலிருந்து கிள்ளிய மூன்று தண்டு, ஒரே நீளம். விளக்கு ஒரே தூரம். முதல் பீக்கரில் கொதித்து ஆறிய தண்ணீர். இரண்டாவதில் அப்போதுதான் பிடித்த குழாய்த் தண்ணீர். மூன்றாவதிலும் கொதித்து ஆறிய தண்ணீர்தான். ஆனால் அதற்குள் ஒரு கண்ணாடிக் குழலை விட்டு, இரண்டு நிமிடம் தன் மூச்சை ஊதினாள். நாம் வெளியே விடுகிற மூச்சில், வெளிக்காற்றில் இருப்பதைப்போல ஏறக்குறைய நூறு மடங்கு கார்பன் டை ஆக்சைடு உண்டு. செடிக்கு அதைவிடப் பக்கத்தில் வேறு கடை எங்கே இருக்கிறது?

கால் மணி நேரம் கழித்து எண்ணினாள். முதல் பீக்கரில் பூஜ்யம். குழாய்த் தண்ணீரில் நிமிடத்துக்கு ஏழு. மூச்சு ஊதியதில் பதினாறு.

இரண்டாவது பீக்கரிலும் மூச்சை ஊதினாள். ஏழு இருபத்திரண்டாக ஏறியது. அவள் ஆய்வகத்தில் தனியாக, கையைத் தட்டாமல், காலை மட்டும் தரையில் ஒரு தட்டுத் தட்டினாள்.

பத்து மணிக்குப் பிள்ளைகள் வந்தார்கள். தலைமையாசிரியை பின்வரிசையில் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். உயிரியல் டீச்சர் சாக்கட்டியை எடுத்துப் போர்டில் இலைப் படம் போட ஆரம்பித்திருந்தார்.

"டீச்சர், படம் வேண்டாம்" என்றாள் வெந்நீரக்கா. முன்மேசையில் முதல் பீக்கரையும் மூன்றாவது பீக்கரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். "ரெண்டும் ஒரே செடி. ஒரே விளக்கு. ரெண்டும் நான் கொதிக்க வெச்ச தண்ணி. இதுல குமிழி இல்ல, அதுல இருக்கு. இடையில நான் ஒண்ணே ஒண்ணுதான் செஞ்சேன். என்னன்னு சொல்லுங்க பார்ப்போம்."

"சாமி கும்பிட்டீங்களா அக்கா?" என்றது ஒரு குரல். வகுப்பு சிரித்தது.

"அதை ரெண்டு நாளா செஞ்சேன். வரல."

முன்வரிசையில் ஒரு பெண், கண்ணாடிக் குழலையும் பீக்கரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு எழுந்தாள். "ஊதினீங்களா?"

"ஊதினேன். ஏன் ஊதினேன்?"

அந்தப் பெண் சுவர்ப்படத்தை நிமிர்ந்து பார்த்தாள். மூன்றாவது அம்புக்குறியில் கண் நின்றது. "கார்பன் டை ஆக்சைடு! கொதிக்க வெச்சதுல அது போயிடுச்சு!"

உயிரியல் டீச்சர் சாக்கட்டி பிடித்த கையாலேயே நெற்றியில் அடித்துக்கொண்டார். வெள்ளைப் பொட்டு விழுந்தது. "ஒன்பது வருஷமா இதே பாடத்தை நடத்தறேன். எனக்குத் தோணலையேக்கா!"

தலைமையாசிரியை எழுந்து முன்னால் வந்தார். "அப்போ ரெண்டு நாளா குமிழி வராம இருந்தது உங்க தண்ணியாலயா?"

"ஆமா மேடம். என் தண்ணிதான். கிருமியைத் துரத்தறேன்னு செடியோட சாப்பாட்டையும் சேர்த்துத் துரத்திட்டேன்."

தலைமையாசிரியை மூச்சு ஊதிய பீக்கரின் முன்னால் குனிந்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி உதடு அசைய எண்ணினார். "பதினேழு" என்று நிமிர்ந்தார். விளக்கைத் தானே ஒரு சாண் பின்னால் தள்ளிவைத்து, சற்றுப் பொறுத்து மறுபடியும் எண்ணினார். "எட்டு. அட!" அந்த 'அட' தலைமையாசிரியை சொன்ன மாதிரியே இல்லை, ஒன்பதாம் வகுப்புப் பெண் சொன்ன மாதிரி இருந்தது.

பிறகு முப்பத்தாறு பேரும் ஆளுக்கொரு குழலோடு ஊத ஆரம்பித்தார்கள். அறையே குடகுட என்றது.

"ஊதணும், உறிஞ்சக் கூடாது!" என்று வெந்நீரக்கா மேசை மேசையாகக் கத்திக்கொண்டு போனாள்.

"குழலையாவது கொதிக்க வெச்சீங்களாக்கா?" என்று வாசலிலிருந்து இயற்பியல் சார் கேட்டார். சத்தம் கேட்டு வந்திருந்தார்.

"முப்பத்தாறையும் வெச்சேன் சார். வாயில வைக்கற குழல் கொதிக்கணும். செடி குடிக்கற தண்ணிதான் கொதிக்கக் கூடாது."

மணி அடித்துப் பிள்ளைகள் போனபின் தலைமையாசிரியை அலமாரியிலிருந்து ஆய்வக வழிமுறை நோட்டை எடுத்து மேசைமேல் வைத்தார். "இதை உங்க கையால எழுதுங்க. அடுத்த வருஷம் யாரு செஞ்சாலும் தடுமாறக் கூடாது. கீழ கையெழுத்துப் போட்டு, ஆய்வக உதவியாளர்னு எழுதுங்க."

"தற்காலிகம்னு அடைப்புக்குறியில போடணுமே மேடம்?"

"இனிமே போட வேண்டாம்."

பேனா ஒரு கணம் தாளுக்கு மேலேயே நின்றது. பிறகு அவள் குண்டு குண்டான எழுத்தில் எழுதினாள்:

ஹைட்ரில்லா குமிழி சோதனைக்குக் கொதிக்க வைத்த தண்ணீரை அப்படியே பயன்படுத்தக் கூடாது; கொதிக்கும்போது அதில் கரைந்திருக்கும் கார்பன் டை ஆக்சைடு போய்விடும். கழுவிய பீக்கரில் புதிதாகப் பிடித்த குழாய்த் தண்ணீரை ஊற்றவும். சுத்தமான குழல் வழியாக இரண்டு நிமிடம் மூச்சை ஊதவும். செடியை வெட்டிய முனை மேலே இருக்கும்படி வைத்து, விளக்கை ஒரு சாண் தூரத்தில் வைக்கவும். கால் மணி நேரத்தில் குமிழி வரும்.